கதவுச் சத்தத்துக்குத் திரும்பிய மெர்சி

செய்தி வந்தபோது அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அன்று எனக்கு வார விடுப்பு. அழைத்தவள் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் கலா. "அக்கா, மெர்சிக்கா எந்திரிக்கவே மாட்றாங்க. கேட்டாண்ட பஸ் நின்னு எல்லாரும் எறங்கிட்டோம். தூங்கிகினு இருக்காங்கன்னுதான் நெனச்சோம்" என்றாள். பின்னால் யாரோ அழுவது கேட்டது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கம்பெனி பஸ்ஸில் எல்லோருமே தூங்குகிறோம், அது ஒரு செய்தியா, தட்டி எழுப்ப வேண்டியதுதானே என்று கத்தினேன். "தட்டிப் பாத்துட்டோம்க்கா" என்றாள் கலா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாரடைப்பு என்றார்கள். படப்பையில் ஏறும்போது டிரைவரிடம் ஏதோ சிரித்துப் பேசியிருக்கிறாள். கம்பெனி வாசலில் பஸ் நின்றபோது அவள் இல்லை. நடுவில் எந்த இடத்தில் போனாள் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்தச் சாலையில்தான் தினமும் போகிறேன். ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது இங்கேயா என்று தோன்றும். லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பஸ் மெதுவாகும்போது இங்கேயா என்று தோன்றும். ஜன்னலோர இருக்கையில் யாராவது தலை சாய்த்துத் தூங்கினால் பெயர் சொல்லி எழுப்பிவிடுகிறேன். தூக்கம் கலைந்த பெண்கள் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

எங்கள் சர்ச் சபையில் மெர்சியை அறிந்தவர்களுக்கும், கம்பெனியில் அவளுக்குப் பயந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் அவள் செய்தது ஒரே வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் செய்வது மின்னணுப் பலகைகள். தூசி ஆகாது. ஒரு தலைமுடி விழுந்தால்கூடப் பலகை கெட்டுவிடும். அதனால் உற்பத்தி லைனுக்குப் போகுமுன் உடை மாற்றும் அறை ஒன்று உண்டு. வெள்ளைக் கோட்டு, தலையை முழுக்க மூடும் தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டால் கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். வளையல், கொலுசு, பூ, நகப்பூச்சு எதுவும் கூடாது. தாலியை உள்ளே தள்ளிக் கழுத்துவரை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அறையின் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் பார்த்து உள்ளே விடுவது மெர்சியின் வேலை. "திரும்பு" என்பாள். திரும்ப வேண்டும். முதுகில், தோளில், பிடரியில் தூசி ஒட்டும் பசை உருளையை ஓட்டிப் பார்ப்பாள். சரியில்லை என்றால் கையால் வெளியே காட்டுவாள். போனவள் சரிசெய்துகொண்டு சில நிமிடங்களில் மறுபடி வந்து நிற்பாள். வராமல் எங்கே போவாள்? ஷிஃப்ட் ஆரம்பித்துவிடுமே.

நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பல வருடங்களாக மெர்சியும் நானும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அப்படியிருந்தும் ஒருநாள் என்னையே திருப்பி அனுப்பினாள். தொப்பிக்கு வெளியே ஒரு நரைமுடி எட்டிப் பார்த்ததாம். எனக்குப் பின்னால் நின்ற சின்னப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மாலை பஸ்ஸில் கேட்டேன், "தெனமும் பக்கத்துல உக்காந்து வர்றவ நான், ஒரு முடிக்காகவா வெளிய அனுப்புவ?" என்று. "பஸ்ல நீ ஸ்டெல்லா. அங்க நீ முடி" என்றாள். சொல்லிவிட்டு என் பையைத் திறந்து என் முறுக்கையே எடுத்துத் தின்றாள்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் பெரிய விளக்கம் எதுவும் கொடுக்க மாட்டாள். "நம்ம மேல இருந்து எதுவும் உதிரக் கூடாது. அவ்ளோதான் விஷயம்" என்பாள்.

இதையே அவள் ஞாயிற்றுக்கிழமையும் சொல்வாள் என்பதுதான் எனக்கும் அவளுக்கும் இருந்த சண்டை. எங்கள் சபை படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில், மனைப்பிரிவுகளுக்கு நடுவே, ஷீட் கூரை போட்ட கட்டடம். பாதிப்பேர் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். பாதிப்பேர் கம்பெனி வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவர்கள். மெர்சி வல்லக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். வெளுத்த நிறத்தில் நூல் புடவை, முழங்கை வரை ரவிக்கை, நகை என்று எதுவும் கிடையாது. செருப்பைக் கழற்றும் முன்பே முந்தானை தலைக்கு வந்துவிடும். பெண்கள் பக்கத்துக் கதவருகே நிற்பாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் அவளே துவைத்து மடித்து வைத்த துப்பட்டாக்கள். ஷிஃப்ட் முடிந்து அப்படியே சட்டையும் பேண்ட்டுமாக வரும் பெண்களுக்கு ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். யாரையும் கடிந்து பேச மாட்டாள். ஆனால் போர்த்தாமல் உள்ளே விடவும் மாட்டாள்.

எனக்கு இது பிடிக்காது. அடக்கமான உடை என்று யார் பேச ஆரம்பித்தாலும் கை பெண்கள் பக்கம் மட்டுமே நீளும் என்பது என் அனுபவம். அவளிடமே சொன்னேன், "சர்ச்சையும் கம்பெனியா மாத்திட்டியா? பசை உருளை மட்டுந்தான் பாக்கி" என்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, அதே கதைதான்" என்றாள். "மினுமினுன்னு ஒரு பொடவைய கட்டிகினு நான் முன்னால உக்காந்தா, பின்னால கீறவ இன்னா ஜெபம் பண்ணுவா? எங்க எடுத்தது, இன்னா வெலன்னு யோசிப்பா. என் மேல இருந்து அவ ஜெபத்து மேல ஒண்ணு உதுந்துடுச்சி. அது என் தப்புதான?" நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆண்களையும் அவள் விட்டுவைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சபைக் கமிட்டியில் இருக்கும் அண்ணன் ஒருவர் விளையாட்டு விழாவில் கொடுத்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முதுகு முழுக்க எழுத்து. ஆராதனை முடிந்ததும் மெர்சி நேராக அவரிடம் போனாள். "அண்ணே, பாஸ்டர் ஒண்ணு வாசிச்சாரு, நாங்கல்லாம் உங்க முதுவ வாசிச்சிகினு இருந்தோம்" என்றாள். அவர் மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அன்றிலிருந்து அவர் வெள்ளைச் சட்டைக்காரர்.

ஆராதனையில் மெர்சி உட்காரும் விதம் உங்களுக்குத் தெரியும். முதுகு நிமிர்ந்திருக்கும். கைகள் மடியில் இருக்கும். பாட்டு, வாசிப்பு, பிரசங்கம், எதிலும் அவள் பார்வை விலகாது. பிள்ளை அழுதாலும், கரண்ட் போய்க் கூட்டமே விசிறிக்கொண்டாலும் அவள் அசைய மாட்டாள். ஒருமுறை ஜெபத்தின் நடுவே வெளியே தடால் என்று ஒரு சத்தம். ஒரு ஷேர் ஆட்டோ எங்கள் கேட்டில் மோதி நின்றது. கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம், பாஸ்டர் உட்பட. மெர்சி மட்டும் திரும்பவில்லை. மோதியது அவள் கணவர் டேனியலின் ஆட்டோ. அவரைப் படப்பையில் எல்லோருக்கும் தெரியும். முழங்காலில் சிராய்ப்போடு இறங்கி, தன் மனைவியின் முதுகை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார் பாவம். கடைசி ஆமென் சொன்ன பிறகுதான் அவள் எழுந்து போனாள். "உசுரோட சத்தம் போட்டுகினுதான இருந்தாரு, கேட்டுச்சி" என்றாள்.

இவ்வளவும் நீங்கள் அறிந்த மெர்சி. கடைசி இரண்டு வருடங்களில் அவள் வேறொருத்தியாக மாறிப்போனதையும் பார்த்திருப்பீர்கள். காரணம் தெரியாமல் ஆளுக்கொன்று பேசினீர்கள். டேனியல் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க. அவ அத எறக்கி வெக்காமயே போயிட்டா" என்றார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு. வழக்கத்தைவிடக் கூட்டம். முதல் பாட்டு தொடங்குவதற்குள் கூடையில் இருந்த துப்பட்டாக்கள் தீர்ந்துவிட்டன. அப்போது ஒரு பெண் வந்திருக்கிறாள். புது முகம். உடம்பைப் பிடிக்கும் டி-சர்ட், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பேண்ட், ஹாஸ்டல் அறையில் போட்டுக்கொள்ளும் உடை. கண்கள் சிவந்திருந்தன. மெர்சி அவளைக் கதவருகே நிறுத்தினாள். அந்தப் பெண், "கடைசில ஓரமா நிக்கேன்க்கா. செத்த நேரம் இருந்துட்டுப் போயிருதேன்" என்றாளாம். பேச்சைக் கேட்டதும் தெற்கத்திப் பெண் என்று மெர்சிக்குத் தெரிந்தது.

மெர்சி அதட்டவில்லை. அதை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், நான் நம்ப வேண்டும் என்பதுபோல. "போய் மாத்திகினு வாம்மா, இப்பத்தான ஆரம்பிச்சிகீது. நான் எடம் புடிச்சி வெக்கறேன்" என்றாளாம். அந்தப் பெண் சரிக்கா என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மெர்சியும் சொன்னபடி பக்கத்தில் தன் பைபிளை வைத்து இடம் பிடித்தாள். பிரசங்கம் முடிந்தது. காணிக்கை எடுத்தார்கள். ஆசீர்வாதமும் சொல்லியாகிவிட்டது. பைபிள் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகுதான் மெர்சி இதை என்னிடம் பஸ்ஸில் சொன்னாள். "கம்பெனில திருப்பி அனுப்பினா வந்துடுவாங்க ஸ்டெல்லா. இத்தினி வருஷமா அனுப்பிகினு கீறேன், ஒருத்தியாவது வராம போயிருக்காளா? அதே நெனப்புல அனுப்பிட்டேன்" என்றாள்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். வேறு சர்ச்சுக்குப் போயிருப்பாள், இங்கே சந்துக்குச் சந்து சர்ச்தானே என்றேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவள், ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் படுத்துத் தூங்கியிருப்பாள் என்றேன். மெர்சி எல்லாவற்றுக்கும் "இருக்கலாம்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கண்ணு செவந்து இருந்திச்சி. நைட் பாத்தா எல்லாருக்கும் அப்டித்தான இருக்கும்னு விட்டுட்டேன். அழுதுட்டு வந்திருப்பாளோ?" என்றாள். செத்த நேரம் ஓரமாக நிற்க இடம் கேட்டு வந்த பெண்ணுக்கு அன்று காலை என்ன நடந்திருந்ததோ, நமக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு மெர்சி தேட ஆரம்பித்தாள். விடுப்பு நாட்களில் டேனியல் அண்ணனின் ஆட்டோவில் சுங்குவார்சத்திரம் போய் ஒவ்வொரு ஹாஸ்டலாக ஏறி இறங்கினாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். வார்டன் அம்மா, "பேரு இன்னா?" என்றாள். தெரியாது. "எந்தக் கம்பெனி?" தெரியாது. "தெக்கத்திப் பொண்ணும்மா" என்றாள் மெர்சி. "இங்க கீறதுல பாதி தெக்கத்திதான். போன மாசம் ஒரு பேட்ச் காலி பண்ணிகினு போச்சு, இந்த மாசம் ஒரு பேட்ச் வந்திகீது. யாரன்னு சொல்வேன்?" என்று அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. இங்கே யாரும் யாரையும் தேடி வருவதில்லை என்கிற சிரிப்பு. மாடியில் கொடி முழுக்கத் துணிகள் காய்ந்தன. மெர்சி அதில் ஒரு டி-சர்ட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி பஸ்கள் எதிரெதிரே சிக்னலில் நிற்கும்போது அவள் எழுந்து நின்று அந்தப் பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்ப்பாள். வல்லக்கோட்டையில் கிருத்திகைக் கூட்டத்தில் ஓடும் ஆட்டோவிலிருந்து இறங்கி ஒரு பெண்ணின் பின்னால் ஓடியதாக டேனியல் அண்ணன் சொன்னார். கையைப் பிடித்துத் திருப்பியபோது அது வேறு பெண். அந்தப் பெண்ணின் அம்மா, "யார்மா நீ? இன்னா வேணும்?" என்று சத்தம் போட்டிருக்கிறாள். மெர்சி மன்னிப்புக் கேட்டுவிட்டு, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

உடை மாற்றும் அறையில்தான் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே கண்கள் மட்டும்தானே தெரியும். முன்பெல்லாம் தோளையும் பிடரியையும் பார்த்தவள், இப்போது ஒவ்வொரு பெண்ணின் கண்களையும் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். "மெர்சிக்கா ஒரு மாதிரி மொறைக்கிறாங்க" என்று பெண்கள் சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். ஒருநாள் வரிசையில் என் முறை வந்தபோது என்னையும் அப்படித்தான் பார்த்தாள். நான் யாரென்று தெரிந்த மாதிரியே இல்லை. "மெர்சி, நாந்தான்" என்றேன். "திரும்பு" என்றாள்.

சபையில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கதவருகே நிற்பதை விட்டுவிட்டாள். கூடையை வேறொரு சகோதரியிடம் கொடுத்துவிட்டாள். கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். கதவின் கீல் சத்தம் போடும்போதெல்லாம் திரும்பினாள். பாட்டின் நடுவே திரும்பினாள். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து திரும்பினாள். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனத்துக்கு முழங்காலில் நிற்கும்போதுகூடத் திரும்பினாள். சொந்தக் கணவன் கேட்டில் மோதியபோது அசையாதவள் காற்றில் கதவு ஆடினால்கூடத் திரும்பிப் பார்த்தாள். வயசாகுது, கவனம் போச்சு என்றார்கள் சிலர். ஆவிக்குரிய வாழ்க்கையில் பின்வாங்கிவிட்டாள் என்று பெரிய வார்த்தையே சொன்னார்கள் சிலர். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் அந்தக் கீலுக்கு எண்ணெய் விட்டார். அதன் பிறகு அவள் இன்னும் அடிக்கடி திரும்ப வேண்டியதாயிற்று, சத்தம் கேட்காதே.

பாஸ்டர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நல்லவர், கடிந்து பேசவில்லை. "சிஸ்டர், ஆராதனையில முழு மனசோட இருக்கறதுக்கு நீங்கதான் எங்களுக்கெல்லாம் உதாரணம்" என்றாராம். மெர்சி சொன்ன பதிலை அவரே இரங்கல் கூட்டத்தில் சொல்லி அழுதார். "அப்ப முன்னால பாக்கறதுதான் கவனம்னு நெனச்சிகினு இருந்தேன் ஐயா. இப்ப பின்னால யாரோ நிக்கற மாதிரியே கீது. அத விட்டுட்டு முன்னால பாத்தா ஜெபம் வரல."

நடுவே சபைக் கூட்டத்தில் கமிட்டிக்காரர்கள் ஒரு பேச்சு எடுத்தார்கள். உடைக்கான விதிகளை எழுதிக் கேட்டில் ஒரு போர்டு வைக்கலாம், மெர்சி மாதிரி யாரும் நின்று சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். அவள் பெயரைச் சொல்லியே அதைக் கொண்டுவந்தார்கள். மெர்சி எழுந்து வேண்டாம் என்றாள். எல்லோருக்கும் ஆச்சரியம். "போர்டு வெச்சா, அத படிச்சிட்டு திரும்பிப் போறவ மூஞ்சிகூட நமக்குத் தெரியாது" என்றாள். வேறெதுவும் விளக்கவில்லை. போர்டு வரவில்லை.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது நான் விடவில்லை. எனக்கு ஒரு வெற்றி கிடைத்துவிட்ட மாதிரி, "அப்ப டிரெஸ் முக்கியமில்லன்னு இப்பவாவது ஒத்துக்கறியா?" என்று கேட்டேன். நின்று என்னை முறைத்தாள். பழைய மெர்சி. "யாரு சொன்னா? முக்கியந்தான். இன்னிக்கும் நான் மினுக்கிகினா வரேன்? ஆனா ஸ்டெல்லா, உள்ள வந்தவளுக்குத்தான் அது முக்கியம். வெளிய நிக்கறவளுக்கு உள்ள வர்றது முக்கியம்." சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடக்கத்துக்கு அவளை வீட்டு வாசலில் பந்தலில் வைத்திருந்தார்கள். நாத்தனார் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். டேனியல் அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நூல் புடவையே கட்டினோம். முந்தானையைத் தலைக்கு ஏற்றியது நான்தான். தலை இன்னும் கனமாக, தூங்குபவள் தலைபோலவே இருந்தது.

நைட் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் ஒரு பஸ்ஸில் வந்திறங்கித் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். எல்லோரும் கம்பெனிச் சட்டை, பேண்ட். நான் போய்க் கூப்பிட்டேன். "இந்த டிரெஸ்ஸோட வரலாமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "வாங்கம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்கு அருகே வந்ததும் ஒவ்வொருத்தியும் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். சிலர் வளையலைச் சட்டைக் கைக்குள் தள்ளினார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே கை போயிற்று. ஒரு பெண் பெட்டியின் முன் நின்றவள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி முதுகைக் காட்டினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பந்தலில் யாராலும் தாங்க முடியவில்லை.

நான் அப்போதும் அந்தப் பெண்களின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவர்களில் மெர்சி தேடிய பெண் இருப்பாளோ என்று. எல்லோருடைய கண்களும் சிவந்துதான் இருந்தன.

மெர்சியிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியது என்று யோசிக்கிறேன். அவளுடைய உடை ஒழுங்கு எனக்கு வரவில்லை, என் புடவையில் இன்னும் சரிகை இருக்கிறது. அசையாமல் உட்காரும் அந்தக் கவனமும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவள் போன பின் முதல் ஞாயிறு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவள், கதவை ஒட்டிய அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கதவு திறந்தது. திரும்பினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் மெர்சி ஒருத்திக்குத்தான் தெரியும். நெட்டையா குட்டையா, கறுப்பா சிவப்பா, ஒன்றைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தேடிய முகத்தை அவள் தன்னோடு பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டாள்.

மெர்சி திரும்புவாள், பார்ப்பாள், இவள் இல்லை என்று தெரிந்ததும் முன்பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அந்த வழியும் இல்லை. வருகிற யாரைப் பார்த்தும் இவள் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் கதவு திறக்கும்போதெல்லாம், பாட்டோ ஜெபமோ, வருகிறவள் என்ன உடுத்தியிருந்தாலும், எழுந்து நின்று என் நாற்காலியைக் கொடுத்துவிடுகிறேன்.